அக்கா படிக்கும் கல்லூரியில் தம்பிக்கு முன்னுரிமை உண்டா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் மகனும் நவம்பர் 1-க்குள் அங்கேயே ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பிக்க விரும்புகிறான். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு அதில் இருப்பதால், நன்கு விசாரித்த பிறகே முடிவெடுக்க நினைக்கிறோம்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ இணைய விண்ணப்பத்தில் உடன்பிறந்தவர் படிக்கும் கல்லூரியின் பெயரைக் கேட்கிறார்கள். ஆனால் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ அறிக்கையில், சேர்க்கையின்போது கருதப்படும் அம்சங்களின் பட்டியலில், முன்னாள் மாணவர் உறவுக்கு ஒரு வரி இருக்கிறதே தவிர, உடன்பிறந்தோருக்கெனத் தனி வரி இல்லை. முன்னாள் மாணவர் குடும்பத்தாருக்குத் தரப்படும் ‘லெகசி’ சலுகை பெரும்பாலும் பெற்றோரை வைத்தே பார்க்கப்படுகிறது. நாங்கள் இருவரும் இந்தியாவில் படித்தவர்கள். எம்ஐடி அச்சலுகையை ஏற்பதே இல்லை. கலிபோர்னியாவோ 2024-இல் சட்டம் இயற்றித் தனியார் கல்லூரிகளிலும் அதைத் தடை செய்துவிட்டது. ஆகவே, அக்கா அங்கே படிப்பதால் மட்டும் பெரிய பலன் இராது என்றே எனக்குப் படுகிறது.

இருப்பினும், அவளுடைய அணி கட்டிய பந்தயக் காரை அருகில் நின்று பார்த்த நாளிலிருந்துதான் மகனுக்கு இயந்திரப் பொறியியலில் ஆர்வம் வந்தது. இதைக் கட்டுரையில் எழுதலாமா, அல்லது அக்காவின் நிழலில் நிற்பவனாகத் தோன்றிவிடுவானா? இரு பிள்ளைகளை ஒரே கல்லூரிக்கு அனுப்பியவர்களும், சேர்க்கை அலுவலகங்களில் பணியாற்றியவர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.