கைப்பிடி அரிசி கிரியையா, கிருபையா?

நாசரேத்துக்காரி:
"கைப்பிடி அரிசி எடுத்து வைக்கும் பெண்கள் கிருபையை (கடவுள் இலவசமாகத் தரும் தயவை) நம்பாதவர்கள், கடவுளுக்குத் தவணை கட்டுகிறவர்கள்" என்று பெரோயாவாசி நேற்று வேறோர் இழையில் எழுதியிருக்கிறார். என் அம்மா நாற்பது வருடம், உலை கொதிக்கும்போது ஒரு பிடி அரிசியை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மாதக் கடைசியில் சபைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது தவணையா? அண்ணன் விளக்கட்டும்.

பெரோயாவாசி:
சகோதரி, கோபம் வேண்டாம். வேதாகமத்தில் எபேசியர் 2:8 கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்கிறது. 2:9 "இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்கிறது, அதாவது நம் செயல்களால் சம்பாதித்ததல்ல. ஒரு நாள் எடுக்க மறந்தால் மறுநாள் இரண்டு பிடி போட்டுக் கணக்கை நேர்செய்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். தவணை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

நாசரேத்துக்காரி:
"நற்கிரியைகளைச் செய்கிறதற்கு" சிருஷ்டிக்கப்பட்டோம் என்று அடுத்த வசனமே இருக்கிறதே, உங்கள் வேதாகமத்தில் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டதா? அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

தரங்கம்பாடி:
ரோமர் 3:28-இல், மனிதன் நீதிமானாவது விசுவாசத்தினால் "மாத்திரமே" என்று அந்த ஒரு சொல்லை மார்ட்டின் லூத்தர் தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் 1522-இல் சேர்த்தார், சண்டை நூற்றாண்டுகள் ஓடியது. 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து இதைப் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் இன்னும் அரிசிப் பானையைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள்.

பெரோயாவாசி:
என் கேள்வி ஒன்றுதான். அந்தப் பிடி, அரிசியை அளப்பதற்கு முன் எடுத்ததா, அளந்த பிறகா? மூட்டையிலிருந்து என்றால் யாருக்கும் குறையாது, பேச்சே இல்லை.

நாசரேத்துக்காரி:
அளந்த பிறகு. ஆறு பேருக்கு மூன்று உழக்கு, அதிலிருந்து ஒரு பிடி. குறைந்தது அம்மாவின் தட்டில்தான்.

பெரோயாவாசி:
பார்த்தீர்களா! பட்டினி கிடந்து பரலோகத்துக்கு டிக்கெட் எடுப்பது. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

கடற்கரை:
கத்தோலிக்கராகிய நாங்கள் கிருபையை 'அருள்' என்கிறோம். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று ஜெபமாலை சொல்கிற எங்கள் பாட்டி உழக்கைத் தேடியதில்லை. வடமொழிச் சொல்லை வைத்துக்கொண்டதால் வந்த தொல்லை இது.

பெரோயாவாசி:
மரியாளை இங்கே இழுக்காதீர்கள்.

கடற்கரை:
லூக்கா 1:28, உங்கள் வேதாகமத்திலேயே "கிருபை பெற்றவளே". நானா இழுத்தேன்?

பெரோயாவாசி:
பேச்சை மாற்றாதீர்கள். அளந்த பிறகு எடுத்தது கிரியை. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், பதில் இல்லை.

தரங்கம்பாடி:
போன கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவது விக்கிரகாராதனை என்று எங்களைத் திட்டியவர் இவர். இரண்டு நாள் கழித்து அவர் போட்ட குடும்பப் படத்தில், பின்னால் பால்கனியில் ஐந்து முனை நட்சத்திரம் தொங்கியது.

பெரோயாவாசி:
அது பிள்ளைகள் கட்டியது. ஒரு வருடமாக இதையே சொல்கிறீர்கள்.

நாசரேத்துக்காரி:
பிள்ளைகள் கட்டினால் கிருபை, அம்மா அள்ளினால் கிரியை. நல்ல வேதசாஸ்திரம் அண்ணே.

பெரோயாவாசி:
மூன்று உழக்கு ஆறு பேருக்கு எப்படிப் போதும்? கணக்கே இடிக்கிறது.

நாசரேத்துக்காரி:
எங்கள் வீட்டில் போதாது, அதுதான் சங்கதி. அந்த பாட்டில் இப்போது என் அடுக்களையில் இருக்கிறது. நேற்று நான் எடுக்க மறந்துவிட்டேன். இன்று ஒரு பிடிதான் போட்டேன், இரண்டு இல்லை.

பெரோயாவாசி:
சரி, அந்த ஒரு பிடி அளப்பதற்கு முன்னா, பின்னா?