டெல்லிப் பனியில சிக்குன மதுரை ஃப்ளைட்

தாம்பரத்தான்:
போன ஜனவரி. பெரியப்பா தவறிட்டார், மதுரைக்குக் கிளம்பினேன். மீனம்பாக்கத்துல சுள்ளுனு வெயில். போர்டுல மட்டும் ஒரு மணி நேரம், ரெண்டு, மூணுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. கேட்டா, வர வேண்டிய விமானம் காலையில டெல்லியில பனியில நின்னுபோச்சாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விமானத்துக்குள்ள நடந்து போற ஏரோபிரிட்ஜ் எதையும் தொடாம நீட்டிக்கிட்டு நின்னது. அதையே பாத்துக்கிட்டிருந்தேன், தம்பி போன் பண்ணான். "அண்ணே, தூக்கிறலாமான்னு கேக்குறாங்க." பின்னாடி பறைச் சத்தம். தூக்குங்கடான்னேன். இருபது நிமிஷத்துல விமானம் வந்து நின்னுச்சு.

பொழிச்சலூர் மாடிவீடு:
பனியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. ஒரே விமானத்தை ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை ஓட்டுறாங்க, நடுவுல விடுறது அரை மணி. காலையில ஒரு மணி நேரம் போனா ராத்திரி வரைக்கும் எங்க ஈடுகட்டுறது? 2018 போகிக்கு நம்ம ஊர்ப் புகையில ரன்வே தெரியாம விமானங்களை வேற ஊருக்குத் திருப்பினாங்களே, அன்னிக்கு எங்க அக்கா மும்பையில கைக்குழந்தையோட மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தா. பால்பொடி தீந்துபோச்சுன்னு போன்ல அழுதா.

பழைய கிரவுண்ட் ஸ்டாஃப்:
மாடிவீடு, அந்த அரை மணியில ஆளை இறக்கி, சீட்டு இடுக்கெல்லாம் துடைச்சு, பெட்டி இறக்கி ஏத்தி, எண்ணெய் போட்டு அனுப்புறோம். சும்மா நிக்கல. அதோட, விமானம் வந்தாலும் பைலட்டுக்கு டூட்டி நேரம் முடிஞ்சா எடுக்கக் கூடாது. ஒரு ராத்திரி எல்லாரும் பெல்ட் போட்டாச்சு, கேப்டன் பையைத் தூக்கிட்டு இறங்குறார். முன் சீட்டுப் பாட்டி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவரு ஏன்பா போறாரு?"ன்னாங்க. எனக்குப் பதில் வரல.

வேளச்சேரி அக்கா:
எனக்கு ஒரு தடவை சிங்கப்பூர் கனெக்‌ஷன் போச்சு, அவ்வளவுதான். ஆனா எல்லாரும் இதைக் கேட்டுக்குங்க. காலையில முதல் ஃப்ளைட்டா எடுங்க, பெரும்பாலும் ராத்திரியே வந்து நிக்கிற விமானம் அது. கனெக்‌ஷன் இருந்தா ஒரே டிக்கெட்டா போடுங்க, தனித்தனியா போட்டா ரெண்டாவது ஃப்ளைட்காரங்க பொறுப்பெடுக்க மாட்டாங்க. வீட்டை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க விமானம் இப்ப எந்த ஊர்ல இருக்குன்னு ஆப்புல பாருங்க. உள்ளூர் ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா வேற ஃப்ளைட்டோ முழுப் பணமோ, எது வேணுமோ கேக்கலாம், அது விமானத் துறையைக் கவனிக்கிற டிஜிசிஏவோட விதி. வெக்கப்படாம கேளுங்க.

தாம்பரத்தான்:
அக்கா, சாவுச் செய்தி வந்ததே காலையில எட்டு மணிக்கு. முதல் ஃப்ளைட்டுக்கு எங்க போறது? கிரவுண்ட் அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பக்கத்துலயே அதே கம்பெனி விமானம் ஒண்ணு நின்னுச்சு. அதைக் குடுத்திருக்கலாம்ல?

பழைய கிரவுண்ட் ஸ்டாஃப்:
சில நாள் மாத்தி விடுவோம் தம்பி. ஆனா அதுக்கும் பக்கத்து கேட்டுல நூத்தம்பது பேர் உக்காந்திருப்பாங்க.