இன்டர்காம்: ஏ சேனலில் குரல் பாதி, லைட் டிம்மர் ஏறினால் இரைச்சல். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பின்னரங்கம்

வணக்கம். 500 இருக்கை அரங்கம். நிகழ்ச்சியின்போது பின்னரங்க ஆட்கள் ஹெட்செட்டில் பேசிக்கொள்ளும் வயர் இன்டர்காம்தான், கிளியர்-காம் கம்பெனி முறை வயரிங்: எக்ஸ்எல்ஆர் பிளக்கின் மூன்று பின்னில் 1 பொது (திரும்பு வழி), 2 பவர், 3 ஆடியோ. இரண்டு சேனல் மெயின் ஸ்டேஷன், ஸ்டேஜ் மேனேஜர் மேசையில். ஏ சேனல் மேடைக்கு, பி சேனல் லைட்டுக்கு. 7 பெல்ட்பேக் (ஹெட்செட்டைச் செருகி இடுப்பில் மாட்டும் பெட்டி): இரண்டு விங் (மேடையின் பக்கவாட்டு), ஃப்ளை (மேலே திரை தூக்கும் தளம்), இரண்டு ஃபாலோ ஸ்பாட், லைட் பூத், சவுண்ட் பூத். மேசையிலிருந்து பூத்துக்கு 60 மீட்டர் கேபிள். இரண்டு சேனலும் அதே கேபிளில்தான், கேபிளின் உலோக உறையான ஷீல்டுதான் பொது.

சமீபத்தில் இரண்டு மாற்றம் செய்தோம். வலது விங்கில் உடைந்த வால் பிளேட்டை (சுவரில் சாக்கெட் பதித்த தகடு) எடுத்து, இரும்புப் பெட்டியில் புதுசு போட்டோம். பழைய ஒற்றைச் சேனல் பவர் சப்ளை ஒன்றை சவுண்ட் பூத்தில் ஸ்பேராக ஏ லைனில் செருகி வைத்திருக்கிறோம். அதன் மெயின்ஸ் ஆஃப்.

அதிலிருந்து:

ஏ சேனலில் எல்லோர் குரலும் மெலிசாகிவிட்டது. ஆனால் பேசுகிறவருக்குத் தன் குரல் காதில் ஓங்கிக் கேட்கிறது. பி சேனலில் இது இல்லை.

இரண்டு சேனலிலும் ர்ர்ர் என்று இரைச்சல். டிம்மர் பாதியில் நிற்கும்போதுதான் அதிகம். முழுதாக ஏற்றினால் குறைகிறது.

பி-யில் கூப்பிடும் லைட் க்யூ, ஏ-யில் தூரத்தில் பேசுவது போல லேசாக விழுகிறது. இது முன்பே உண்டு.

பூத் முனையில் பின் 1–2 இடையே 28 வோல்ட். எல்லா மைக்கும் ஆன் செய்தால் 27. ஹெட்செட், பெல்ட்பேக் எல்லாம் மாற்றிப் பார்த்தாகிவிட்டது.

சால்டர் புகை

வோல்டேஜ் நல்லா இருக்கு, பவர் பக்கம் போகாதீங்க. மூணு தொல்லைக்கும் தனித்தனி காரணம். ஒண்ணா போட்டுக் குழப்பாம ஒவ்வொண்ணா முடிங்க.

முதல்ல குரல். அந்த ஸ்பேர் யூனிட்டைப் பிடுங்குங்க. ஆஃப்ல இருந்தாலும் அதோட டெர்மினேஷன், அதாவது ஆடியோவுக்குச் சுமையா நிக்கிற சுற்று, லைன்ல உட்கார்ந்திருக்கும், அது மெயின்ஸை நம்பி வேலை செய்றது இல்ல. ஒரு சேனலுக்கு 200 ஓம் டெர்மினேஷன் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கணும். பெல்ட்பேக் லைனுக்குள்ள தள்றது கரண்ட். 200 ஓம்ல விழுற வோல்டேஜைத்தான் மத்தவங்க கேக்கறாங்க. இரண்டு 200 சேர்ந்தா 100 ஓம், வோல்டேஜ் பாதி, அதாவது 6 டெசிபல் காலி. தன் குரல் ஓங்கிக் கேக்குறதும் இதனாலதான். பெல்ட்பேக்ல சைட்டோனை, அதாவது பேசறவர் காதுலயே திரும்பி விழுற தன் குரலை, நல் பண்ணி (அடக்கி) வெச்சிருக்கறது 200 ஓமுக்கு. லைன் 100 ஆனதும் அந்தக் கணக்கு தப்புது. அதனால இப்போ சைட்டோன் திருகைத் தொடாதீங்க. லைன் சரியான பிறகு எல்லாத்தையும் திரும்பத் திருப்ப வேண்டி வரும்.

மல்டிமீட்டரை வெச்சு டெர்மினேஷனைத் தேடவும் வேண்டாம். 200 ஓம்ங்கிறது ஆடியோவுக்கு. ஓம் மீட்டர் அனுப்புறது டிசி, அதுக்கு வேற எண்தான் காட்டும்.

மேடைக்கம்பி

இரைச்சலுக்கு நான் சந்தேகப்படுவது அந்தப் புது வால் பிளேட்டை.

டிம்மர் பாதியில் நிற்கும்போது அதற்குள் ஸ்விட்சாக வேலை செய்யும் தைரிஸ்டர் மின் அலையின் உச்சியில் திறக்கிறது. 230 வோல்ட் லைனில் அது ஒரே தாவலில் ஏறக்குறைய 325 வோல்ட். விநாடிக்கு 100 தடவை. அந்தத் தாவலின் கசிவு கட்டிடத்தின் எர்த் வழியாகத்தான் ஓடுகிறது. பின் 1 எர்த்தைத் தொடுவது மெயின் ஸ்டேஷன் பக்கம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது உங்களைத் தீண்டாது. இன்னோரிடத்திலும் தொட்டால், உங்கள் ஷீல்டும் எர்த் கம்பிகளில் ஒன்றாகிவிடும். ஷீல்டுதான் ஆடியோவின் திரும்பு வழியும் என்பதால் இரைச்சல் நேராகக் காதில் விழுகிறது.

சோதனை: மெயின் ஸ்டேஷனை ஆஃப் செய்து, அதிலிருந்து போகும் எல்லா லைனையும் கழற்றுங்கள். பெல்ட்பேக் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். இப்போது வலது விங் சாக்கெட்டின் பின் 1-க்கும் இரும்புப் பெட்டிக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். திறந்த சுற்று காட்ட வேண்டும். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் பிளேட்டைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பேனல் சாக்கெட்டில் மூன்று பின்னோடு நான்காவதாக ஒரு சின்ன டேக் இருக்கும், அது உலோக உடலுக்கு. மைக் வயரிங் பழக்கத்தில் பின் 1-லிருந்து அதற்கு ஒரு துண்டுக் கம்பி பற்றவைத்திருப்பார்கள். இன்டர்காமில் அது கூடாது. கேபிள் பிளக்குகளிலும் இதையே பாருங்கள். ஃப்ளையில் இரும்புத் தளத்தில் கிடக்கும் ஜாயின்ட் ஒன்று போதும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: இரைச்சல் போகட்டும் என்று மெயின் ஸ்டேஷன் பிளக்கின் எர்த் முள்ளை எடுப்பது. ஹெட்செட் போட்டவர் இரும்பு ஏணியில் நிற்கிறார். உயிர் போகும்.

பின்னரங்கம்

நன்றி இருவருக்கும். 0.4 ஓம் காட்டியது. பிளேட்டைத் திறந்தால் பின் 1-லிருந்து அந்த நான்காவது டேக்குக்கு அரை அங்குலச் செப்புக் கம்பி. வெட்டினேன், திறந்த சுற்று. டிம்மர் பாதியில் வைத்தும் இரைச்சல் இல்லை.

ஸ்பேர் யூனிட்டையும் பிடுங்கினேன். ஆனால் இப்போது ஏ சேனல் ஊளையிடுகிறது. இரண்டு ஹெட்செட் அருகருகே வந்தாலே வீல் என்கிறது. பிடுங்கும் முன், இரட்டை டெர்மினேஷன்தானா என்று பார்க்க மெயின் ஸ்டேஷன் பின்னால் ஏ-க்கான டெர்மினேஷன் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தேன்.

சால்டர் புகை

தட்டினதைத் திருப்பி ஆன் பண்ணுங்க. இப்போ ஏ லைன்ல டெர்மினேஷனே இல்ல. ஒவ்வொரு பெல்ட்பேக்கும் 10 கிலோ ஓமுக்கு மேல, அதனால லைன் இம்பீடன்ஸ் (ஆடியோவுக்கு லைன் காட்டுற தடை) எகிறி லெவல் தாறுமாறா ஏறும், சைட்டோன் நல்லும் போயிடும். பாதிக் குரல்னா இரண்டு டெர்மினேஷன், ஊளைன்னா ஒண்ணும் இல்ல.

அதுக்கப்புறம் சைட்டோனைச் சரி பண்ணலாம். ஒரு பெல்ட்பேக்ல மட்டும் மைக் ஆன், மத்த எல்லாம் ஆஃப். பேசிக்கிட்டே சின்ன ஸ்க்ரூடிரைவரால தன் குரல் மிகக் குறையுற இடம் வரைக்கும் திருப்புங்க, பிறகு வசதிக்குக் கொஞ்சம் ஏத்துங்க.

மேடைக்கம்பி

மிச்சம் பி-யிலிருந்து ஏ-க்குக் கசிவது. அது உங்கள் கேபிளின் குணம். சாதாரண 0.22 சதுர மிமீ கம்பி மீட்டருக்கு 0.08 ஓம். ஷீல்டும் அதே அளவு என்று வைத்தால் 60 மீட்டருக்கு 4.8 ஓம். இரண்டு சேனலின் ஆடியோவும் அந்த ஒரே 4.8 ஓம் வழியாகத் திரும்புகிறது. 200-க்கு 4.8 என்றால் 2.4 சதவீதம், ஏறக்குறைய 32 டெசிபல் கீழே. அமைதியான காட்சியில் அது கேட்கத்தான் செய்யும். பொது வழிக்கு 1.5 சதுர மிமீ கம்பி ஒன்றை அதே கேபிளோடு ஒட்டி இழுத்து, இரு முனையிலும் பின் 1-ல் ஷீல்டோடு சேர்த்தால் 0.7 ஓமுக்கு இறங்கும். கசிவு 49 டெசிபல் கீழே போய்விடும். புதுக் கேபிள் இழுப்பதானால் சேனலுக்கு ஒரு தனி ஷீல்டு கேபிள் போடுங்கள். ஒரே ஷீல்டுக்குள் இரண்டு ஆடியோ கம்பி உரசிக்கொண்டு 60 மீட்டர் ஓடினால் கெபாசிட்டன்ஸ் வழியாகவும் கசியும். டிம்மர் லோட் கேபிளிலிருந்து ஓரடியாவது தள்ளி இழுங்கள், குறுக்கே போக வேண்டிய இடத்தில் செங்குத்தாக.

வால் பிளேட் திறந்திருக்கும்போதே இன்டர்காம் சாக்கெட்டுகளுக்கு வேறு நிறம் அடித்துவிடுங்கள். மைக் சாக்கெட்டும் அதே எக்ஸ்எல்ஆர்தான். யாராவது மிக்சருக்கு இழுத்தால் பின் 2-ல் இருக்கும் 30 வோல்ட் மைக் இன்புட்டில் போய் நிற்கும். வெளியிலிருந்து பெல்ட்பேக் இரவல் வந்தாலும் வகையைக் கேளுங்கள். ஆர்டிஎஸ் என்ற இன்னொரு கம்பெனியின் இரண்டு சேனல் முறையில் பின் 2-ல் பவரோடு முதல் சேனல் ஆடியோவும், பின் 3-ல் இரண்டாவது சேனலும் வருகின்றன. பிளக் பொருந்தும், பேச்சு பொருந்தாது.

பின்னரங்கம்

ஸ்விட்ச் ஆன், ஊளை நின்றது, ஏ-யும் பி-யும் ஒரே லெவல். ஸ்பேர் யூனிட்டைக் கழற்றி அலமாரியில் வைத்து, "லைனில் செருகும் முன் டெர்மினேஷன் ஆஃப்" என்று மேலே டேப் ஒட்டியாயிற்று. 1.5 கம்பி 65 மீட்டர் வாங்க எழுதிக் கொடுத்திருக்கிறேன்.