நாடக நேரலையில் வசனம் தெளிவாகக் கேட்பதில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். சிறிய அரங்கு ஒன்றில் நாங்கள் நடிக்கும் நாடகத்தை, நேரில் வர இயலாத முதியவர்களும் வெளியூர்க்காரர்களும் வீட்டிலிருந்தே காணும்படி ஜூம் வழியாக நேரலை செய்கிறோம். கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்திய கேமராவின் மைக்தான் ஒலிக்கும் பயன்படுகிறது. படம் நன்றாக இருந்தும், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது என்றும், பறை ஒலி சில அடிகளிலேயே அமுங்கிவிடுகிறது என்றும் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். இணைய வேகத்தைக் கூட்டியும் பயனில்லை.

பதில் 1:
இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இணையத்துக்கு இதில் பங்கில்லை. அவ்வளவு தொலைவில் இருக்கும் மைக், நடிகரின் குரலை விடச் சுவரில் மோதித் திரும்பும் ஒலியையே அதிகம் வாங்கும். மேடை விளிம்பில் இரண்டு மூன்று மைக்குகளை வைத்து, மிக்ஸரிலிருந்து (பல மைக்குகளின் ஒலியைச் சேர்க்கும் கருவி) நேராகக் கணினிக்கு ஒலியைக் கொடுங்கள். பறையை அமுக்குவது ஜூம். பேச்சல்லாத ஓசையை அது இரைச்சலாகக் கருதி நீக்குகிறது. ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். ஆயினும் நாடகத்தை ஓபிஎஸ் (நேரலை அனுப்பும் கணினி மென்பொருள்) மூலம் யூடியூபில் ‘அன்லிஸ்டட்’ (இணைப்பு வைத்திருப்பவர் மட்டும் காணும்) நேரலையாக அனுப்பிவிட்டு, ஜூமை நாடகத்துக்குப் பிந்தைய உரையாடலுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது. புதிய கணக்கில் நேரலை வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

பதில் 2:
சட்டையில் குத்தும் மைக்கை யாரேனும் பரிந்துரைத்தால் யோசித்துச் செய்யுங்கள். உடை மாற்றும் நாடகத்தில் துணி உரசும் ஓசையே பெருந்தொல்லை. மேடை விளிம்பு மைக் காலடி ஓசையையும் வாங்கும் என்றாலும், அடியில் தடித்த நுரைப்பஞ்சு வைத்தால் அது பெரிதும் குறையும். இந்த உத்தி பழையதுதான்: 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் பிரெஞ்சுப் பொறியாளர் கிளெமான் அதேர், ஓபரா மேடையின் முன்விளிம்பில் இரு பக்கமும் மைக்குகளை வைத்து, தொலைபேசிக் கம்பி வழியே வேறிடத்தில் இருந்தவர்களைக் கேட்கச் செய்தார். அதிலிருந்து பிறந்த ‘தியாத்ரோஃபோன்’ சேவை 1890 முதல் வீடுகளுக்கும் சந்தா முறையில் கிடைத்தது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. யூடியூபுக்கு மாறி ஒத்திகை பார்த்தோம். வசனமும் பறையும் தெளிவாக உள்ளன. ஆனால் இப்போது உதடு அசைவதற்கு முன்பே வசனம் கேட்டுவிடுகிறது.

பதில் 1:
கேமராப் படம் அதைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவியான கேப்சர் கார்டைக் கடந்து வரச் சற்றுத் தாமதமாகிறது. மிக்ஸர் ஒலிக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவே ஒலியைத்தான் தாமதப்படுத்த வேண்டும். ஓபிஎஸ்ஸின் மேம்பட்ட ஒலி அமைப்புகளில் மைக்குக்கு நேரே ‘சிங்க் ஆஃப்செட்’ என்று மில்லி விநாடிக் கட்டம் ஒன்று இருக்கும். மேடையில் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து, கை சேரும் படத்துக்கும் ஓசைக்கும் உள்ள இடைவெளியை அதில் இடுங்கள். பிறகும் யாராவது முறையிட்டால், அவர் புளூடூத் ஹெட்போனில் கேட்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அதில் நேரும் தாமதத்தை அரங்கிலிருந்து திருத்த முடியாது.