தைப்பூச விரதத்துக்காக அண்ணன் குடியை ஒரேயடியா நிறுத்தப் போறார், முதல் வாரத்தை எப்படிச் சமாளிக்கிறது?

சுங்கை_தங்கச்சி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கோம். அண்ணனுக்கு 46 வயசு, செம்பனையில் குலை வெட்டுறார். பல வருஷமா தினமும் சம்சு, அதான் மலிவுச் சாராயம். சாயந்தரம் 150 மில்லி பாட்டில் ரெண்டு. இப்போ காலையில் வேலைக்குப் போறதுக்கு முன்னாடியும் பாதி பாட்டில், இல்லாட்டி கை நடுங்குதாம். கிளினிக்கில் பிரஷருக்கும் இனிப்புநீருக்கும் (சர்க்கரை வியாதி) மாத்திரை கொடுக்கிறாங்க.

காவடி எடுக்கிறதா வேண்டிக்கிட்டார். வர்ற வெள்ளிக்கிழமை மாலை போட்டு, அன்னைக்கே குடியை நிறுத்தறாராம். ஒரு வேளை சைவச் சாப்பாடு. அண்ணி மட்டும்தான் கூட இருப்பாங்க. எந்த நாள் என்ன வரும், வீட்டில் என்ன வாங்கி வைக்கணும், எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வார்டு_அக்கா

தங்கச்சி, வெள்ளிக்கிழமை வேணாம்னு முதல்ல சொல்லுங்க. குடிக்கச் சொல்லலை, கிழமையை மாத்தச் சொல்றேன்.

கடைசியா குடிச்ச மணியிலிருந்து எண்ணணும். வியாழன் ராத்திரி பத்து மணிக்குக் கடைசி கிளாஸ்னா, வெள்ளி விடியக்காலை நாலு மணி வாக்கில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தலைவலி ஆரம்பிக்கும். அந்த ஆறாவது மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள்ள எப்போ வேணும்னாலும் வலிப்பு வரலாம். அதுக்கும் அப்புறம், 48லிருந்து 96 மணி நேரம் வரைக்கும்தான் உயிருக்கே ஆபத்தான புத்தித் தடுமாற்றம் வர்ற நேரம். கணக்குப் பாருங்க, சனி ராத்திரியிலிருந்து திங்கள் ராத்திரி. நம்ம பேராக்கில் சனி ஞாயிறு கிளினிக் மூடியிருக்கும். அதையே ஞாயிறு ராத்திரி கடைசியா குடிச்சிட்டு திங்கள் காலையில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்) போய் உட்கார்ந்தா, மோசமான கட்டம் செவ்வாய் ராத்திரியிலிருந்து வியாழன் ராத்திரிக்குள்ள வரும். டாக்டர் இருப்பார், ரத்தம் எடுக்க ஆள் இருக்கும். மலேசியக் குடிமக்களுக்கு பதிவுக்கு ஒரு ரிங்கிட்தான்.

முதல் நாள் தாங்கிட்டார், இனி பயமில்லைன்னு வீட்டுக்காரங்க காவலைத் தளர்த்தறது மூணாவது நாளில்தான். அதனாலேதான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ஏன் இப்படி ஆகுது? மது மூளையை அடக்கி வைக்கும். தினமும் அடக்கினா மூளை ஈடுகட்டப் பார்க்கும்: அமைதிப்படுத்தற காபா பக்கத்தைக் குறைச்சுக்கும், தூண்டிவிடற குளூட்டமேட் பக்கத்தை ஏத்திக்கும். மதுவைத் திடீர்னு எடுத்துட்டா, பிரேக் இல்லாம மலையிறக்கத்தில் போற செம்பனை லோரி மாதிரிதான். இது மன உறுதி இல்லாததால வர்றது இல்லை, நடுங்குறவரைத் திட்டிப் பயனும் இல்லை. இன்னொன்னு, நிறுத்தி, மறுபடி குடிச்சு, மறுபடி நிறுத்தினா ஒவ்வொரு தடவையும் அறிகுறி முன்னைவிடக் கடுமையா வரலாம். ஒவ்வொரு வருஷமும் விரதத்துக்கு நிறுத்தி, பூசம் முடிஞ்ச ராத்திரியே ஆரம்பிக்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

காலையில் எழுந்ததுமே நடுங்கி, குடிச்சாத்தான் நிக்குதுன்னா உடம்பு நல்லாவே பழகிப்போச்சுன்னு அர்த்தம். இவரை வீட்டில் வெச்சுப் பார்க்கலாமா, வார்டில் சேர்க்கணுமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். ஒரு கேள்வி: இதுக்கு முன்னாடி குடி இல்லாம இருந்தப்போ வலிப்பு வந்திருக்கா? இல்லாததைப் பார்த்து, கேட்டு உளறியிருக்காரா? அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லுங்க.

மருந்தகம்_பேராக்

அக்கா சொன்னதோடு மருந்துப் பக்கம்.

சம்சு 37% என்று வைத்துக்கொண்டால், இரண்டரை பாட்டில், 375 மில்லி, அதில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 110 கிராம். 5% பீர் 325 மில்லி டின்னில் சுமார் 13 கிராம்தான். அதாவது தினமும் எட்டரை டின் பீர். "ரெண்டு சின்ன பாட்டில்தானே டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு இது விளங்காது. பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

திங்கள் வரைக்கும் நீங்களாக முழுசாக நிறுத்த வேண்டாம். கூட்டவும் வேண்டாம். லேபிள் இல்லாத சரக்கு என்றால் தொடவே கூடாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த மதுவால் பலர் இறந்தார்கள். மெத்தனால் விஷம் பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும்: கண் மங்கல், பனி மூடினாற்போல் பார்வை, கடும் வயிற்று வலி, மூச்சு வாங்குதல். இதை மது நிறுத்தியதால் வரும் தொல்லை என்று நினைத்து வீட்டில் படுக்க வைத்தால் கண்ணும் போகும், ஆளும் போவார். பார்வை மங்கினால் அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுப்பதற்கும் டாக்டர்கள் தருவது பெரும்பாலும் டயஸெபாம், ஈரல் கெட்டிருந்தால் லோராஸெபாம். அளவை அறிகுறி பார்த்து ஏற்றி, சில நாளில் இறக்கி நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்கிக் கொடுப்பது தோட்டத்தில் சகஜம். அந்த மாத்திரையும் சம்சுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

வைட்டமின் பி1, அதாவது தயமின், இதில் முக்கியமானது. தினமும் குடிக்கிறவர் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் வெறும் இனிப்பை நிறைய ஏற்றினால், இருக்கிற கொஞ்ச தயமினும் செலவாகி மூளை பாதிக்கும். குழப்பம், கண் ஒழுங்காக அசையாமல் இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாட்டம் இவைதான் அடையாளம். குடிக்காமலேயே தள்ளாடினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மாத்திரையாக 100 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுப்பது வழக்கம். ஆனால் குடித்துக் கெட்ட குடலில் மாத்திரை சரியாக ஏறாது, ஆபத்து அதிகமுள்ளவருக்கு முதலில் ஊசிதான். கிளினிக்கில் வாய் விட்டுக் கேளுங்கள்.

உங்கள் அண்ணனுக்கு இன்னொரு சிக்கல் இனிப்புநீர் மாத்திரை. அது கிளிக்லஸைடு வகை என்றால், சரியாகச் சாப்பிடாத நாளில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் எல்லாம் மதுவை நிறுத்தினால் வருவது போலவே இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, விரலில் குத்தித்தான் பார்க்கணும். 4.0 mmol/Lக்குக் கீழே இருந்தால், ஆள் விழுங்கும் நிலையில் இருக்கும்வரை, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷத்தில் மறுபடி பாருங்கள். தயமினுக்காக அப்போது காத்திருக்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 999 அழையுங்கள்.

தலைவலிக்குப் பாராசிட்டமால் மட்டும், ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமுக்கு மேல் வேண்டாம் (500 மில்லிகிராம் மாத்திரை நான்கு). ஈரல் கெட்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அதையும் கேட்காமல் தரக் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், மூட்டு வலி மாத்திரைகள் வேண்டாம், குடித்துப் புண்ணான வயிற்றில் ரத்தம் கசியும். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தவோ, இரண்டாகப் போடவோ கூடாது.

இன்னொன்று, விளம்பரத்தில் வரும் "ஆளுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும்" பொடிகள். அதில் டைசல்ஃபிராம் போன்ற சரக்கு இருந்து, அவர் குடித்தும் விட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் சடாரென்று இறங்கும். அண்ணி வாங்கி வைத்திருந்தால் குப்பையில் போடச் சொல்லுங்கள்.

கோயில்_பொறுப்பு

விரதத்தைப் பத்தி மட்டும் சொல்றேன் தங்கச்சி. முதல் வாரம் உடம்பு தேறட்டும், அப்புறம் மாலை போடலாம். மண்டலம் 48 நாள் நிறையலையேன்னு கவலைப்பட்டா இந்த வருஷம் பால்குடம் எடுக்கட்டும், காவடி அடுத்த வருஷம். மாத்திரை போட்டா விரதம் கெடாது. சைவமா இருக்கலாம், பட்டினியா இருக்க வேணாம். கஞ்சி, பருப்பு, கீரை, தயிர், மூணு வேளை.

ராத்திரியில் "யாரோ கூப்பிடறாங்க, சுவர்ல பூச்சி ஊருது"ன்னு சொன்னா முனி அடிச்சிருச்சுன்னு பூசாரி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. முதல்ல ஆஸ்பத்திரி. கயிறு கட்டறதுன்னா வீடு திரும்பினப்புறம் கட்டிக்கலாம், சாமி கோவிச்சுக்காது.

சுங்கை_தங்கச்சி

எல்லாருக்கும் நன்றி. அண்ணிகிட்ட கேட்டேன். வலிப்பு வந்ததில்லை. ஆனா ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கால் உடைஞ்சு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தப்போ, மூணாவது நாள் ராத்திரி கட்டில் முழுக்க எலி ஓடுதுன்னு கத்தி, ஊசியெல்லாம் பிடுங்கிட்டாராம். வலி மாத்திரையால வந்ததுன்னு நினைச்சிருக்காங்க. குடிக்கிற விஷயத்தை வெட்கப்பட்டு டாக்டர்கிட்ட சொல்லவே இல்லையாம்.

வார்டு_அக்கா

அப்போ பேச்சுக்கே இடமில்லை, இவர் வார்டில்தான் நிறுத்தணும். படுத்த மூணாவது நாள் எலி தெரிஞ்சதுன்னா, மதுவை நிறுத்தினதால வந்த தடுமாற்றம்தான் அதுன்னு பலமா சந்தேகப்படணும். ஒரு தடவை வந்தவருக்கு அடுத்த தடவையும் வர்ற வாய்ப்பு அதிகம். வெறுமனே எதையோ பார்க்கிறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு: முதல் நாளில் சிலருக்குப் பூச்சி, குரல் தெரியும், ஆனா நாள், இடம், ஆள் எல்லாம் சரியா சொல்வாங்க. மூணாவது நாள் வர்றதில் எங்க இருக்கோம்னே தெரியாது, காய்ச்சல் ஏறும், நெஞ்சு தடதடன்னு அடிக்கும், பிரஷர் எகிறும். ரெண்டுக்குமே ஆஸ்பத்திரிதான், ரெண்டாவதுக்கு ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க முடியாது.

திங்கள் காலையில் கிளினிக்கில் சொல்ல வேண்டியதை மலாயில் எழுதித் தர்றேன், அண்ணி அப்படியே படிக்கட்டும்: "டியா மாவ் பெர்ஹெந்தி மினும் அராக். டூலு பெர்னா மெராச்சாவ் பிலா தாக் மினும்." இவர் குடியை நிறுத்தப் போறார், முன்னாடி குடிக்காதப்போ உளறியிருக்கார்னு அர்த்தம். மெராச்சாவ்னா உளறுறது. இந்த ஒரு சொல் காதில் விழுந்தா டாக்டர் கேட்கிற கேள்வியே மாறும். சேர்க்கச் சொல்லி சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரிக்கோ ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கோ கடிதம் கொடுப்பாங்க. வார்டில் நடுக்கம், வியர்வை, பதற்றம்னு பத்து விஷயத்துக்கு மார்க் போட்டு, அதுக்குத் தகுந்தபடி மருந்து ஏத்துவாங்க. பொட்டாசியம், மெக்னீசியம், ஈரல், சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பாங்க.

அதுக்கு முன்னாடியே வீட்டில் வலிப்பு வந்துட்டா: ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, தலைக்குக் கீழே துணி, பக்கத்தில் இருக்கிற சாமானை நகர்த்துங்க, மணியைப் பாருங்க. கையில் இரும்புச் சாவி கொடுக்கிறது, பல்லுக்கு நடுவில் கரண்டி வைக்கிறது, அழுத்திப் பிடிக்கிறது எதுவும் வேணாம். கரண்டியால பல் உடைஞ்சதுதான் மிச்சம். ஒரு நிமிஷத்தில் நின்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும், சில மணி நேரத்தில் அடுத்தது வரலாம். அஞ்சு நிமிஷம் தாண்டினா மூச்சுக்கே ஆபத்து. 999 எடுக்கிறப்போ தோட்டத்துப் பேர் மட்டும் போதாது, எந்த டிவிஷன், மெயின் ரோட்டிலிருந்து எந்தச் சந்துன்னு சொல்லணும். கேட்டில் ஜாகா (காவலாளி) தடுக்காம இருக்க ஒருத்தர் மோட்டாரில் போய் நிக்கட்டும்.

காய்ச்சல் 38க்கு மேல போனா மதுவால்னு மட்டும் நினைக்காதீங்க. செம்பனையில் வேலை செய்றவருக்கு எலிக் காய்ச்சலும் டெங்கியும் வரும். அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இந்த ரெண்டு மூணு நாளுக்கு வீட்டில்: குலை வெட்டும் அரிவாள், பாராங் கத்தி, களைக்கொல்லி மருந்து எல்லாம் பூட்டுக்குள்ள. மோட்டார் சாவி அண்ணி இடுப்பில்.

சுங்கை_தங்கச்சி

திங்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்பறதா முடிவாச்சு அக்கா. கிராணிகிட்ட (தோட்டத்து கிளார்க்) லீவும் சொல்லியாச்சு. திரும்பி வந்ததும் தூக்கம் வருமா? வேலைக்கு எப்போ அனுப்பலாம்?

மருந்தகம்_பேராக்

நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கும். தூக்கம்தான் கடைசியாகத் திரும்பும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்காக இருமல் மருந்தோ தூக்க மாத்திரையோ வாங்கித் தரக் கூடாது. மதியத்துக்குப் பிறகு கோப்பியும் தே ஓவும் (பால் இல்லாத தேநீர்) வேண்டாம். வாந்தி, பேதி இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல், இங்கே கிடைக்கும் பாக்கெட் பெரும்பாலும் 250 மில்லி தண்ணீருக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். இனிப்பு பானங்களை நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாம், அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று மாத்திரைகள் உண்டு. அவை நடுக்கத்துக்கோ வலிப்புக்கோ உதவாது, அதன் பிறகு மறுபடி குடிக்காமல் இருக்கத்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போது கேளுங்கள்.

வேலை: கை நீட்டிப் பிடித்தால் விரல் ஆடாமல் இருக்கணும், நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையும் முடிந்திருக்கணும். அந்த மாத்திரையில் இருக்கும்போது மோட்டாரும் ஓட்டக் கூடாது, நீளக் கம்பு அரிவாளும் தூக்கக் கூடாது. வார்டில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கிராணி கேட்பார்.

வார்டு_அக்கா

ஞாயிறு ராத்திரி பையில் ஐ.சி. (அடையாள அட்டை), கிளினிக் புக், எல்லா மாத்திரையும் கவரோட, காலி சம்சு பாட்டில் ஒன்னு. கடைசியா குடிச்ச மணியை ஒரு தாளில் எழுதி மேல வைங்க. கிளினிக் வாசலில் காத்திருக்கிறப்போ நடுக்கம் கடுமையானாலோ உளற ஆரம்பிச்சாலோ நம்பர் வரட்டும்னு உட்காரக் கூடாது, நேரா உள்ளே போய் மிஸ்ஸிகிட்ட (நர்ஸ்) சொல்லுங்க.