கபச்சுரப்பி ஆராய்ச்சிக்குப் போக வழி என்ன?

வட்டக்கச்சிப் பிள்ளை:
வணக்கம். நான் கிளிநொச்சியில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். ஓமோன் பாடம் தொடங்கியதில் இருந்து மனம் மூளையின் அடியில் இருக்கும் கபச்சுரப்பியிலேயே நிற்கிறது. உளநெருக்கீடு வந்தால் மூளை கபச்சுரப்பிக்குச் சொல்கிறது, அது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அதிரீனல் சுரப்பிக்குச் சொல்கிறது, கோட்டிசோல் என்ற ஓமோன் சுரக்கிறது என்று நாலு வரியில் முடித்துவிட்டார்கள். இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்? என் அம்மம்மா 2009 யுத்தத்துக்குப் பிறகு கதவு அடிபட்டாலே திடுக்கிட்டு எழும்புவார். அவர் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அறிய ஆசை. வீட்டில் டொக்டர், இல்லாவிட்டால் ரீச்சர் என்கிறார்கள். ஆராய்ச்சிக்குப் போக முடியுமா?

பரந்தன் அண்ணா:
தங்கச்சி, முதலில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைப் பாருங்கள். மருத்துவம் கிடைத்தால் விடவேண்டாம். ஆராய்ச்சியை அதற்குப் பிறகும் செய்யலாம். எங்கள் பக்கத்தில் குடும்பத்தையும் பார்க்க வேண்டி இருக்கிறதே.

பழைய எம்.எல்.ரி.:
பிள்ளை, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். இந்தச் சுரப்பியின் கதையை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தேன்.

ஜெப்ரி ஹரிஸ் என்ற ஆங்கிலேயரில் இருந்து தொடங்கும். 1937-ல் அவர் முயலின் மூளையடியில் மின்சாரம் செலுத்தி, சூலகத்தில் இருந்து முட்டை வெளிவர வைத்தார். அது கபச்சுரப்பியின் ஓமோனால் நடப்பது. சரி, மூளை கட்டளை இடுகிறது. ஆனால் கபச்சுரப்பியின் முன்பகுதிக்குப் போகும் நரம்பு அநேகமாக இல்லையே, கட்டளை எந்த வழியால் போகிறது? பரிவகக்கீழ் என்ற, சுரப்பிக்கு மேலே உள்ள மூளைப்பகுதிக்கும் சுரப்பிக்கும் நடுவில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. அவற்றில் இரத்தம் மேலே ஓடுகிறதா கீழே ஓடுகிறதா என்றே அப்போது சண்டை. 1949-ல் கிறீனும் ஹரிஸும் உயிருள்ள எலியில் நுணுக்குக்காட்டியால் பார்த்தார்கள். மூளையில் இருந்து சுரப்பிக்கே ஓடியது. சுரப்பியின் காம்பை வெட்டினால் குழாய்கள் திரும்ப வளர்ந்து, வேலையும் திரும்பியது. இடையில் தகடு வைத்து மறித்தால் திரும்பவில்லை. 1952-ல் யாக்கொப்சோன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து சுரப்பியையே இடம் மாற்றி நட்டார். பரிவகக்கீழின் அடியில் நட்டது வேலை செய்தது, மூளையின் வேறிடத்தில் நட்டது செய்யவில்லை. எனக்கு இதைவிட அழகான பரிசோதனை தெரியாது.

அப்படியென்றால் அந்த இரத்தத்தில் வரும் பொருள் எது? உளநெருக்கீட்டுக் கட்டளையைக் கொண்டுவரும் பொருளை ஷாலி, கியெமான் என்ற இரு விஞ்ஞானிகள் 1955-லேயே தேடத் தொடங்கினார்கள். பிடிபடவில்லை. வேறு ஓமோன்களுக்குத் திரும்பி, 1977-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். 1981-ல்தான் வைலி வேல் என்ற விஞ்ஞானியின் குழு செம்மறி மூளைகளில் இருந்து அந்த உளநெருக்கீட்டுப் பொருளைப் பிரித்து, அதில் 41 அமினோ அமிலங்கள் என்று காட்டியது. ஹரிஸ் 1971-லேயே இறந்துவிட்டார். ஒரு கேள்வி ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டி ஓடும். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் இந்த வழிக்கு வாரும்.

அம்மம்மா விஷயம். பயந்து வாழ்ந்தவர்களுக்குக் கோட்டிசோல் கூடித்தான் இருக்கும் என்று நினைப்போம். ரேச்சல் யெஹூதா என்ற ஆய்வாளர் 1990-களில் யூத இனப்படுகொலையில் தப்பி, மனவடு நோயோடு (பயங்கர அனுபவம் முடிந்தபின்னும் விடாத உளநோய்) வாழ்ந்தவர்களின் சிறுநீரில் பார்த்தபோது குறைவாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படிக் காட்டவில்லை. அதனால் ஒரு தரம் இரத்தம் எடுத்து அம்மம்மாவின் துயரத்தை அளக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம்.

இன்னொன்று எங்கள் வயலிலேயே இருக்கிறது. முத்திரைப் புடையன் பாம்பின் விஷம் இரத்தத்தை உறைய வைத்து, உறையும் காரணிகளையே தீர்த்துவிடும். சிலருக்குக் கபச்சுரப்பியும் அதில் பழுதாகும். 1987-ல் பர்மாவில் இருந்து இதை விரிவாக எழுதினார்கள், 2011-ல் இலங்கையில் இருந்தும் ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை வந்தது. அரிவி வெட்டும்போது கடிபட்டுத் தப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் களைப்பு, மயிர் உதிர்வு. ஊரார் சோம்பல் என்றார்கள். காலைக் கோட்டிசோல் மிகவும் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யும் மாத்திரை தொடங்கியபின் மனிதர் திரும்ப வயலில் இறங்கினார். கடிபட்டுத் தப்பியவர்களைத் தேடிப் பார்க்கும் ஆய்வுக்கு வன்னியைவிடப் பொருத்தமான இடம் எது, சொல்லும்?

வட்டக்கச்சிப் பிள்ளை:
ஐயா, புடையன் கதை என் பெரியப்பாவை நினைக்க வைக்கிறது. அவருக்கும் கடித்தது, இப்போதும் களைப்பு என்பார். மருத்துவம் படிக்காமல் இதைச் செய்யலாமா? இங்கே ஆய்வுகூட வசதி காணுமா?

பழைய எம்.எல்.ரி.:
பெரியப்பாவை இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப்போம். பாம்பு கடித்ததைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லவேண்டும். கோட்டிசோல் காலையில்தான் கூட இருக்கும், அதனால் காலைப் பரிசோதனைதான் பயன்.

வேல் மருத்துவர் அல்ல. உடற்றொழிலியலும் உயிர் இரசாயனமும் படித்துக் கலாநிதி ஆனவர். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, கொழும்பில் உயிர் இரசாயனம் இருக்கிறது. வசதி என்றால், அதிரீனலுக்குக் கபச்சுரப்பி அனுப்பும் ஓமோனான ஏ.சி.ரி.எச். அளப்பது கஷ்டம்: இரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, குளிரிலேயே சுழற்றிப் பிரிக்க வேண்டும், எங்கள் வெயிலில் கெட்டுவிடும். கோட்டிசோலை உமிழ்நீரிலும் அளக்கலாம். தலைமயிரிலும் அளக்கலாம், ஒரு சென்ரிமீற்றர் மயிரில் ஏறக்குறைய ஒரு மாதத்துக் கணக்கு இருக்கும். ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கக்கூடியவை இவை.

பரந்தன் தம்பி சொன்ன குடும்பப் பொறுப்பும் உண்மைதான். ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தால் சம்பளமும் வரும், ஆராய்ச்சிக் கதவும் மூடாது. புள்ளிவிபரவியலை மட்டும் இப்போதே தொடங்கும்.