சொந்தக் கையால் கட்டிய விமானம்: ஆய்வாளர்களோடும் காகிதங்களோடும் நம் அனுபவங்கள்

விமானம் கட்டத் தொடங்கும் நண்பர்கள் ரிவெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள், இன்ஜினைப் பற்றிக் கேட்கிறார்கள். காகிதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைசி நேரத்தில்தான் அந்தக் கவலை வந்து சேர்கிறது. அமெரிக்காவில் கிட், அதாவது விமானம் கட்டுவதற்கான பாகங்களின் தொகுப்பு, வாங்கி, இரண்டு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டி, அந்நாட்டு விமானத் துறை நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் பறக்கத் தகுதியானது என்ற சான்றிதழும் வாங்கிவிட்டேன். அதில் நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்களுடையதைச் சேருங்கள்.

எஃப்.ஏ.ஏ. முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, இதை யார் கட்டினார்கள், எதற்காகக் கட்டினார்கள் என்பதைத்தான். விமானத்தின் பெரும்பகுதியை, கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் ஒருவர் செய்து பொருத்தியிருந்தால்தான் அது அமெச்சூர் கட்டிய விமானம். பேச்சில் 51 சதவீத விதி என்கிறோமே, அது இதுதான். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பெரும்பகுதியை முடித்திருந்தால், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பிரிவில் சான்றிதழ் கிடையாது. அதனால்தான் பில்டர் லாக், அதாவது கட்டும் வேலையைப் படங்களோடு எழுதிவைக்கும் குறிப்பேடு, இவ்வளவு முக்கியம். நாம்தான் கட்டினோம் என்பதற்கு அதை விட்டால் வேறு சாட்சி இல்லை.

என்னிடம் வந்தவர் எஃப்.ஏ.ஏ. நியமித்த தனி ஆய்வாளர், டி.ஏ.ஆர். என்பார்கள். ஹேங்கரில் விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் நேராக மேசையில் வந்து உட்கார்ந்து படங்களைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், எரிபொருள் டேங்க் படத்தில் நின்றுவிட்டார். கசிவை அடைக்கும் சீலண்ட் பசை அப்பிய கையுறையோடு நான் நிற்கும் படம். "கசிவு இல்லை என்று எப்படிப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். டேங்கின் வென்ட் குழாயில் பலூனைக் கட்டி, லேசாகக் காற்றேற்றி, ரிவெட் வரிசை முழுக்க சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்ததைச் சொன்னேன். பலூன் மறுநாளும் சுருங்காமல் இருந்த படம் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் தலையசைத்துவிட்டு மேலே போனார். நாமே செய்த வேலையைப் பற்றி யார் கேட்டாலும் தயங்காமல் சொல்ல வரும், அதைத்தான் அவர் சோதித்தார் என்று நினைக்கிறேன். படம் எடுக்கும்போது உங்கள் முகமோ கையோ அதில் இருக்கட்டும். வெறும் அலுமினியத் தகட்டின் படம் யார் கட்டியது என்று சொல்லாது.

அடுத்தது பெயர். நம் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், பைலட் சான்றிதழில் வேறு வரிசையில் இருக்கும், கிட் வாங்கிய பில்லில் இனிஷியல் மட்டும் நிற்கும். அமெச்சூர் விமானத்துக்குத் தயாரிப்பாளர் நாம்தான், கிட் கம்பெனி அல்ல. ஆகவே விமானத்தின் உடலில் பதிக்கும் தீயில் உருகாத விவரத் தகடான டேட்டா பிளேட்டில் கட்டியவர் என்று நம் பெயர்தான் வரும். அந்தப் பெயரும் மாடலும் வரிசை எண்ணும் பதிவுச் சான்றிதழிலும், சான்றிதழ் கேட்கும் 8130-6 படிவத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கட்டத் தொடங்கியபோதே இதைக் கேள்விப்பட்டிருந்ததால், கிட் கம்பெனியிடம் விற்பனைப் பத்திரத்தை முழுப் பெயரில் எழுதி வாங்கினேன். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பிளேட்டில் எழுத்து வெட்டக் கொடுத்தேன். ஆய்வாளர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். மாடல் பெயரில் நடுவே வரும் சின்னக் கோட்டைக்கூட விடவில்லை.

பதிவுக்கு 8050-1 விண்ணப்பமும், இந்த விமானம் என்னுடையது என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட 8050-88 உறுதிமொழியும் ஓக்லஹோமா நகரத்தில் உள்ள பதிவகத்துக்குப் போகும். ஆய்வுக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே அனுப்பிவிடுங்கள். எடை, சமநிலைக் கணக்கு, மூன்று கோணப் படம், தகுதி அறிக்கையான 8130-12 எல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் போதும். 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற எழுத்து உள்ளே ஏறும் இடத்தில் 2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பயணிக்கான எச்சரிக்கை வாசகமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

விமானத்தின் நோக்கத்தையும் சோதனைத் திட்டத்தையும் சொல்லும் கடிதமான புரோகிராம் லெட்டரை மட்டும் சடங்காக எழுதாதீர்கள். சோதனைப் பறப்பை எந்தப் பகுதிக்குள் செய்யப் போகிறோம் என்று அதில்தான் கேட்கிறோம். சான்றளிக்கப்பட்ட இன்ஜினும் புரொப்பெல்லரும் அங்கீகரிக்கப்பட்ட ஜோடியாக இருந்தால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40 மணி நேரம் அந்த எல்லைக்குள்ளேதான் பறக்க வேண்டும். கிழக்கே நீண்ட ஓடுபாதை உள்ள விமான நிலையமும் எல்லைக்குள் வர வேண்டும் என்று காரணத்தோடு எழுதியிருந்தேன். இன்ஜின் நின்றுபோனால் இறங்க இடம் வேண்டுமல்லவா. ஆய்வாளர் வரைபடத்தை விரித்து, குடியிருப்பு நெருக்கமான ஒரு மூலையை வெட்டிவிட்டு, மீதியை நான் கேட்டபடியே கொடுத்தார். இயக்கக் கட்டுப்பாடுகள் என்று கடைசியில் ஒரு தாள் தருவார்கள். அவர் இருக்கும்போதே வரிக்கு வரி படியுங்கள். அது சான்றிதழின் பகுதி, விமானத்திலேயே இருக்க வேண்டியது.

*

அண்ணா, பெயர் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. நான் இன்னொரு பக்கத்தைச் சொல்கிறேன். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். கட்டுவதற்கு விசா ஒரு தடை இல்லை. ஆனால் தனி ஆள் பெயரில் விமானத்தைப் பதிவு செய்ய அமெரிக்கக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்பு உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை பேர் கிட்டுக்கு முன்பணம் கட்டுகிறார்கள்!

எங்கள் பகுதி எஃப்.ஏ.ஏ. அலுவலகத்தில் நேரம் கேட்டுப் போய், ஒரு அதிகாரியிடம் இதை வெளிப்படையாகவே கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். டிரஸ்ட் (அறக்கட்டளை) வழியாகப் பதிவு செய்யும் முறை உண்டு, அதற்குக் குடிமகனோ நிரந்தர வசிப்பு உரிமை பெற்றவரோ டிரஸ்டியாக வேண்டும், காகிதமும் செலவும் கூடும். அவசரம் இல்லையென்றால் லாக்கை ஒழுங்காக எழுதிக்கொண்டு கட்டிக்கொண்டே போங்கள் என்றார். நான் அந்த வழியில்தான் போகிறேன். வால் பகுதி முடிந்தது, இறக்கை பாதியில் நிற்கிறது.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. "முதன்மையாகக் கட்டுகிறவர் யார், நீங்களா உங்கள் மனைவியா?" என்றார். ஆண்டுக்கொருமுறை விமானத்தை நாமே ஆய்வு செய்து கையெழுத்துப் போட, கட்டியவருக்கென்று ஒரு ரிப்பேர்மேன் சான்றிதழ் உண்டு. அது ஒரு விமானத்துக்கு ஒருவருக்குத்தான், முதன்மையாகக் கட்டியவருக்கு மட்டும். அதற்கும் குடியுரிமையோ நிரந்தர வசிப்பு உரிமையோ வேண்டும். எங்கள் வீட்டில் ரிவெட் அடிக்கும்போது பின்னால் இரும்புக் கட்டையைப் பிடிப்பது அவள், வயரிங் வரைபடம் முழுக்க அவளுடையது. அன்று ராத்திரியே பேசி, சான்றிதழ் அவள் பெயரில் கேட்பது என்று முடிவு செய்தோம். இப்போது லாக்கில் யார் எந்த வேலை செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதுகிறோம்.

*

வணக்கம். நான் பிரிட்டனில் கட்டுகிறேன். இங்கே நடைமுறையே வேறு. எல்.ஏ.ஏ. என்ற இலகு விமானச் சங்கத்தில் கட்டத் தொடங்கும்போதே திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் அங்கீகரித்த இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாக வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கடைசியில் சங்கத்தின் பரிந்துரையின் பேரில்தான் பெர்மிட் டு ஃப்ளை என்ற பறக்கும் அனுமதி கிடைக்கும்.

இறக்கையின் தோலை மூடுவதற்கு முன் என் இன்ஸ்பெக்டர் வந்தார். டார்ச்சையும் நீண்ட பிடி வைத்த கண்ணாடியையும் உள்ளே விட்டு, ஏலரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலை) இயக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோலின் போல்ட் ஒவ்வொன்றையும் பார்த்தார். நட்டுக்கு வெளியே மரை எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, முறுக்கிய அடையாள வண்ணம் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போல்ட்டுக்கு வாஷர் கூடுதலாகப் போடச் சொன்னார். வாஷரைப் போட்டுக் காட்டிய பிறகுதான் தாளில் கையெழுத்து. அமெரிக்காவில் கடைசியில் ஒரே ஆய்வு என்பது வசதிதான், ஆனால் எனக்கு இந்த முறையே பிடித்திருக்கிறது. மூடிவிட்ட இறக்கைக்குள் கடைசி நாளில் யார் என்ன பார்க்க முடியும்? அங்கே இருப்பவர்கள் சொந்த விமானம் கட்டுவோர் சங்கமான இ.ஏ.ஏ.வின் ஆலோசகரை (டெக்னிக்கல் கவுன்சிலர்) கட்டாயம் இல்லாவிட்டாலும் நடுவில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஊரில் கட்டலாமா என்று என் தம்பி கேட்கிறான். அமோல் யாதவ் மும்பையில் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினாரே, அவருக்கு விடி-என்எம்டி என்ற பதிவு கிடைத்தது 2017-ல், பறக்க அனுமதி 2019-ல். தொழில்முறை பைலட்டான அவருக்கே ஆண்டுக்கணக்காக இந்திய விமானத் துறை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. படியேற வேண்டியிருந்தது. தம்பியிடம் முதலில் விதிகளைப் படி, அப்புறம் தகடு வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.

*

ஒரு சந்தேகம். பாதி கட்டிய கிட் ஒன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வருகிறது. வாங்கினால் 51 சதவீதம் போய்விடுமா?

*

போகாது. பெரும்பகுதியை ஒருவரே கட்ட வேண்டும் என்று இல்லை, அமெச்சூர்கள் பலர் சேர்ந்தும் கட்டியிருக்கலாம். ஆனால் முன்னால் கட்டியவர் அமெச்சூராகத்தான் கட்டினார் என்று காட்டும் பொறுப்பு உங்களுக்கு வந்துவிடும். ஆகவே பணம் கொடுக்கும் முன் அவருடைய லாக், படங்கள், கிட் கம்பெனி அவருக்குக் கொடுத்த விற்பனைப் பத்திரம் மூன்றையும் அசலாகக் கேளுங்கள். அவர் உங்களுக்கு எழுதித் தரும் பத்திரத்தில் கிட் வரிசை எண் இருக்கட்டும். லாக் தொலைந்துவிட்டது என்று சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்க மாட்டேன். ரிப்பேர்மேன் சான்றிதழும் உங்களுக்கு வேண்டுமென்றால், மீதி எவ்வளவு வேலை இருக்கிறது என்று கணக்கிட்டு, உங்களை முதன்மையாகக் கட்டியவராக ஏற்பார்களா என்று ஆய்வாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். என்னிடம் வந்தவர் இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தொலைபேசியிலேயே பதில் சொன்னார்.